தொடர் எங்கே தொடங்குகிறது: தமிழ் உரைநடையும் நிறுத்தக்குறிகளும்

'முருகன் அழுதுகொண்டே ஓடிய குழந்தையைத் தூக்கினான்' என்ற வாக்கியத்தில் அழுதது யார்? இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சொற்கள் பழகியவை, வேற்றுமை உருபு சரியான இடத்தில் நிற்கிறது, சந்தியும் சரி. ஆனாலும் அழுதது முருகனா குழந்தையா என்பதற்கு வாக்கியத்துக்குள் விடை கிடைக்காது. முருகனுக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்தால் அழுதது குழந்தை. அதே காற்புள்ளியை 'அழுதுகொண்டே' என்பதற்குப் பின் நகர்த்தினால் அழுதது முருகன். ஒரு சொல்லையும் மாற்றாமல் ஒரு சிறு குறி இருவேறு நிகழ்ச்சிகளை உண்டாக்கிவிடுகிறது. நிறுத்தக்குறி தமிழுக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதிய சான்று. ஆனால் அதைவிட ஆழமான கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. குறியே இல்லாமல் எத்தனையோ இடங்களில் தெளிவாகப் பேசும் தமிழ், இந்த இடத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது? இதற்கு விடை கண்டால், குறிகளை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கத் தேவையில்லை, நல்ல உரைநடைக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்பவையெல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல் வந்துவிடும்.

முதலில், தமிழ் தானே செய்துகொள்ளும் வேலைகளைப் பார்க்க வேண்டும். வாக்கியம் முடிந்தது என்பதை வினைமுற்று சொல்லிவிடுகிறது. 'வந்தான்' என்றதும் தொடர் நிறைந்துவிடும். 'வந்து' என்றால் இன்னும் ஏதோ வரவேண்டும் என்று காது காத்திருக்கும். 'வந்தாயா' என்பதில் உள்ள ஆகாரமே கேள்வியைச் சொல்லிவிடுவதால் கேள்விக்குறி அங்கே மரியாதைக்கு நிற்கிறது. 'நீ வருகிறாய்?' என்று குரலின் ஏற்றத்தால் மட்டும் கேள்வியாகும் பேச்சில்தான் அந்தக் குறிக்கு உண்மையான வேலை. அடுக்கி வரும் பொருள்களை உம்மை சேர்த்துக் கட்டுகிறது. பிறர் கூற்று முடிந்ததை 'என்று' காட்டுகிறது. இவை தவிர, வல்லினம் மிகுதல் என்ற ஒலி நிகழ்ச்சியும் எழுத்தில் ஒரு நிறுத்தக்குறியைப் போலவே பொருள் பிரிக்கிறது. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி தந்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைத் தந்தான். 'கத்தி கொண்டு வந்தான்' என்பவன் கையில் ஆயுதம் இருக்கிறது. 'கத்திக்கொண்டு வந்தான்' என்பவன் கூச்சல் போடுகிறான். சந்தியைப் பண்டிதர்களின் பிடிவாதம் என்று ஒதுக்குபவர்கள் இந்த இணைகளை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த உள்ளமைப்பு எவ்வளவு வலியது என்பதைக் காட்ட அமெரிக்க வழக்கு ஒன்று பொருத்தமாக இருக்கிறது. மெய்ன் மாநிலத்து ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், உறையவைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று நீளும் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று மாநிலச் சட்டம் சொல்லியிருந்தது. பட்டியலின் கடைசியில் பொதிகட்டுதல், அனுப்புதல், விநியோகம் ஆகிய மூன்றும் ஒரு காற்புள்ளி இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. அனுப்புவதற்காகவும் விநியோகிப்பதற்காகவும் செய்யப்படும் பொதிகட்டலை மட்டும் சட்டம் குறிக்கிறதா, விநியோகத்தையும் தனி வேலையாகக் குறிக்கிறதா என்பதே சண்டை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவில்லை என்று கண்டு ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. இதே சட்டத்தைத் தமிழில் எழுதுபவர் இந்தக் குழப்பத்துக்குள் விழவே முடியாது. 'அனுப்பவோ விநியோகிக்கவோ பொதிகட்டுதல்' என்று எழுத வேண்டும். அல்லது 'பொதிகட்டுதலும் விநியோகித்தலும்' என்று எழுத வேண்டும். ஏதாவதொரு உருபைத் தேர்ந்தெடுக்காமல் தமிழில் அந்த வாக்கியத்தைக் கட்டவே வழியில்லை. உருபைத் தேர்ந்தெடுத்த கணமே பொருளும் முடிவாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் காற்புள்ளி சுமக்கும் பாரத்தைத் தமிழில் ஓகாரமும் உம்மையும் சுமக்கின்றன. ஆங்கில நிறுத்தக்குறி விதிகளை அப்படியே தமிழுக்குப் பெயர்த்துக்கொள்வது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

அப்படியானால் முருகனின் வாக்கியத்தில் நடந்தது என்ன? மேலே சொன்ன கருவிகளை இன்னொருமுறை பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். முற்று, வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. வினா ஆகாரம் இறுதியில் வருகிறது. 'என்று' கூற்றின் இறுதியில் வருகிறது. பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு ஒட்டி, தன் சிறு தொடரின் இறுதியில் வருகிறது. தமிழ் இலக்கணம் தன் அடையாளங்களை எல்லாம் முடிவில் வைத்திருக்கிறது. ஒரு தொடர் எங்கே முடிகிறது என்பதை அது ஐயமின்றிச் சொல்லும். எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதில்லை. 'ஓடிய' என்பதோடு உள்தொடர் முடிகிறது என்பது தெளிவு. ஆனால் அந்த உள்தொடர் 'அழுதுகொண்டே' என்பதில் தொடங்குகிறதா, 'ஓடிய' என்ற ஒற்றைச் சொல் மட்டுந்தானா? இதைச் சொல்ல எந்த உருபும் இல்லை. தமிழ் உரைநடையில் நேரும் பொருள் மயக்கங்களில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில்தான் பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழில் நிறுத்தக்குறியின் முதல் கடமை முடிவைக் காட்டுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் உண்மையான கடமை தொடக்கத்தைக் காட்டுவது.

சில வாக்கியங்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 'அமைச்சர் நேற்று அதிகாரிகள் தவறு செய்தார்கள் என்று கூறினார்' என்பதில் நேற்று நடந்தது தவறா, பேச்சா? 'என்று' கூற்றை மூடிவிட்டது; ஆனால் கூற்று திறந்த இடம் 'நேற்று' என்பதிலா, 'அதிகாரிகள்' என்பதிலா? 'கண்ணன் நான் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னான்' என்பதில் 'நான்' கண்ணனா, இந்த வாக்கியத்தை எழுதுகிறவரா? திறக்கும் மேற்கோள்குறி ஒன்று போதும், விடை கிடைத்துவிடும். மூடும் மேற்கோள்குறி இங்கே இணைக்காக வருவதுதான். அதன் வேலையை 'என்று' ஏற்கெனவே செய்துவிட்டது. 'சென்னையிலிருந்து வந்த அமைச்சரின் செயலாளர்' என்ற தொடரில் வந்தவர் அமைச்சரா செயலாளரா என்ற குழப்பமும் இந்த இனமே. 'வந்த' என்பது எந்தப் பெயரைத் தழுவுகிறது என்பதில் ஐயம். 'அமைச்சரின் செயலாளர்' ஒரு புதிய அலகாகத் தொடங்குகிறது என்பதை ஒரு காற்புள்ளி காட்டினால் ஐயம் தீரும். பேச்சை எழுத்தாக்கும்போது வரும் 'அம்மா வந்தாச்சு' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வந்தது அம்மாவா, அம்மாவை விளித்து யாரோ தம் வருகையைச் சொல்கிறார்களா என்பதை, விளிக்குப் பின் வரும் செய்தியின் தொடக்கத்தில் நிற்கும் காற்புள்ளிதான் பிரித்துச் சொல்ல முடியும்.

இந்த மொழியமைப்பு நம் எழுத்து வரலாற்றிலும் தடம் பதித்திருக்கிறது. ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் வழக்கொழிந்திருந்தது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். குறில் எகர ஒகரத்துக்கும் நெடில் ஏகார ஓகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு காட்டும் முறையை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் திருத்தி அமைக்கும் வரையில் எரியும் ஏரியும் ஒரே மாதிரி கிடந்தன. இத்தனை சிக்கனமான எழுத்துமுறை, கணக்குக் குறிகளில் மட்டும் செல்வச் செழிப்போடு இருந்தது. 2019இல் வெளிவந்த யூனிகோட் 12ஆம் பதிப்பில் பழந்தமிழ்க் குறியீடுகள் 51 புதிதாக இடம்பெற்றன. பின்னங்கள், நெல் அளவைகள், காசு, பணம், வராகன், நன்செய், புன்செய், வரவு, போக, ஆக, வகையறா என்று வாழ்க்கையின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் அதில் இருக்கிறது. நிறுத்தக்குறி என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றே ஒன்றுதான்: பிரதி முழுவதும் முடிந்தது என்று காட்டும் குறி. வாக்கியத்துக்கோ உள்தொடருக்கோ நம் முன்னோர் குறி தேடவில்லை. முடிவை மொழியே சொல்லும்போது அவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் நூலின் முடிவுக்கு ஓர் அடையாளம்.

ஆனால் தொடக்கம் என்ற சிக்கலை அவர்கள் உணராமல் இல்லை. குறியால் தீர்க்காததைச் சொற்களால் தீர்த்தார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. உரையாசிரியர்களின் உரைநடையில் 'என்றவாறு', 'என்க' போன்ற மூடும் சொற்கள் நிறைய வருகின்றன. கூடவே 'அஃதாவது', 'எவ்வாறெனின்', 'இதன் பொருள்' போன்ற திறக்கும் சொற்களும் வருகின்றன. இவை, இனி வருவது ஒரு புதிய அலகு என்று படிப்பவரை முன்கூட்டியே தயார்ப்படுத்துகின்றன. கிரயப் பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் விவரமெல்லாம் ஒரே மூச்சில் சொன்ன பின் 'என்னவென்றால்' என்ற ஒரு சொல் வரும். ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் இந்த இடத்தில் திறக்கிறது என்று அது அறிவிக்கிறது. இன்றைய எழுத்தில் முக்காற்புள்ளி செய்யும் வேலை அது. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து கல்வெட்டுகளில் வரும் மெய்க்கீர்த்திகள் இன்னும் சுவையான சான்று. அரசனின் வெற்றிகளை எச்சங்களால் தொடுத்துக்கொண்டே போய், இறுதியில் அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் தொட்டு நிற்கும் அமைப்பு அவற்றினுடையது. பெயர் கடைசியில்தான் வரும் என்பதால், தொடக்கத்துக்கென்று ஒவ்வோர் அரசனுக்கும் ஒரு தனி வாய்பாட்டை வைத்துக்கொண்டார்கள். பெயர் சிதைந்துபோன கல்வெட்டையும் முதற்சில சொற்களைக்கொண்டே எந்த அரசனுடையது என்று கல்வெட்டாய்வாளர்கள் கண்டுகொள்ள முடிவது அதனால்தான்.

சங்க இலக்கியமும் திருக்குறளும் ஒரு குறியும் இல்லாமல் இரண்டாயிரம் ஆண்டு வாழவில்லையா, இது ஐரோப்பியர் கொண்டுவந்த சரக்குதானே என்று கேட்பவர்கள் உண்டு. வாழ்ந்தன, ஆனால் தனியாக வாழவில்லை. யாப்பு அடிக்கு அடி எல்லை காட்டியது. ஆசிரியரின் குரல் மாணவனுக்குப் பிரித்துச் சொன்னது. அதற்கும் மேலே, எந்தச் சொல்லை எதோடு சேர்ப்பது என்பதற்கென்றே நன்னூல் எட்டுவகைப் பொருள்கோளை வகுத்து வைத்திருக்கிறது. ஆற்றுநீர்ப் பொருள்கோளில் சொற்கள் வரிசையாகவே பொருள் தரும். கொண்டுகூட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து வந்து சேர்க்க வேண்டும். பொருள்கோள் என்பது எழுதுபவர் வைக்காத குறியைப் படிப்பவர் வைத்துக்கொள்ளும் கலை. அந்தக் கலைக்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. மணக்குடவரும் பரிமேலழகரும் ஒரே குறளில் வேறுவேறு பொருள் கொள்ளும் இடங்களுக்குப் பாடபேதமும் கொள்கை வேறுபாடும் காரணமாவது உண்டு. ஒரு சொல்லை முன்னதோடு கூட்டுவதா பின்னதோடு கூட்டுவதா என்ற முடிவும் காரணமாவது உண்டு. செய்யுளுக்கு அந்தத் திறந்த தன்மை ஒரு செல்வம். மருந்துச் சீட்டுக்கும் தீர்ப்புரைக்கும் வரலாற்று நூலுக்கும் அது செல்வமாகாது. உரைநடையைப் படிப்பவர் உரையாசிரியர் துணையின்றித் தனியே அமர்ந்து படிக்கிறார்.

இந்தத் தனிமைதான் வரலாற்றில் குறிகளை வரவழைத்தது. ஐரோப்பாவிலும் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர்கள் இலத்தீனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். 7, 8ஆம் நூற்றாண்டுகளில் இலத்தீனை அயல்மொழியாகக் கற்ற அயர்லாந்துத் துறவிகள். காது உதவாத இடத்தில் கண்ணுக்கு உதவி தேவைப்பட்டது. தமிழில் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி அச்சு பரவப் பரவ, ஆசிரியர் இல்லாத இடத்துக்கும் நூல் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய பின், கற்றுக்கொண்ட கருவியைச் சைவத்துக்கும் தமிழுக்கும் திருப்பினார். பாலபாடங்களிலும் பெரியபுராண வசனத்திலும் நிறுத்தக்குறிகளை ஒழுங்காக இட்டு எழுதிய அவரை நவீன உரைநடையின் முன்னோடி என்று தமிழுலகம் போற்றுவது சரியே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாவலர் மரபின் கடுமையான காவலர். இலக்கண வழுவைப் பொறாதவர். அவர் குறிகளை ஏற்றுக்கொண்டது தமிழை விட்டுக்கொடுத்ததாகாது. மாணவன் தன் வீட்டில் தனியே படிக்கும் காலம் வந்துவிட்டதை அவர் முன்பே கண்டுகொண்டார். 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட, சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளும் அந்த வழியின் தொடர்ச்சியே.

இன்னொரு மறுப்பு நம் பள்ளி இலக்கணத்திலிருந்தே வருகிறது. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நிறுத்தும் நேரத்தை அளந்து சொல்லும் பாடம் அது. அதன்படி குறி என்பது மூச்சு விடும் இடம். அதற்கும் பொருளுக்கும் நேரடித் தொடர்பில்லை. இந்தக் கருத்துக்குப் பழைய வேர் உண்டு. கிறிஸ்துவுக்கு முன்பே அலெக்சாந்திரியா நூலகத்தில் பணியாற்றிய அரிஸ்டோபனீஸ், வரியின் அடியிலும் நடுவிலும் மேலுமாகப் புள்ளியிட்டு நிறுத்தத்தின் நீளத்தை வேறுபடுத்தியதும் வாய்விட்டுப் படிப்பவருக்காகத்தான். ஆனால் மாத்திரைக் கணக்கு, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று சொல்லித்தருகிறதே தவிர, எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தரவில்லை. 'முருகன் அழுதுகொண்டே ஓடிய குழந்தையை' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அழுதது குழந்தை என்று மனத்தில் வைத்துச் சொன்னால் நாக்கு தானாக முருகனுக்குப் பின் நிற்கும். அழுதது முருகன் என்றால் 'அழுதுகொண்டே' என்பதற்குப் பின் நிற்கும். மூச்சே தொடக்கத்தைத் தேடித்தான் போகிறது. மூச்சுக்கும் பொருளுக்கும் பகை இல்லை. மூச்சு பொருளைப் பின்தொடர்கிறது. பாடத்திட்டம் அளவைக் கற்பித்து இடத்தைக் கைவிட்டதால்தான், பத்து ஆண்டு தமிழ் படித்தவர்களும் காற்புள்ளியை எங்கே வைப்பதென்று தெரியாமல், வாக்கியம் நீண்டுவிட்டதே என்ற அச்சத்தில் நடுவில் ஏதோ ஓரிடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

தொடக்கத்தைக் காட்டுவதே குறியின் வேலை என்று கொண்டால் இன்றைய பழக்கங்களை நியாயமாக எடைபோட முடியும். நாளிதழ்களில் எழுவாய்க்குப் பின் காற்புள்ளி வைக்கும் வழக்கத்தைத் தமிழாசிரியர்கள் பலர் குறை சொல்வதுண்டு. எழுவாயையும் பயனிலையையும் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஆங்கிலத்துக்கு அந்த வாதம் சரி. அங்கே எழுவாய்க்கு அடுத்து வினை நிற்கிறது. தமிழில் எழுவாய் முதலிலும் வினை கடைசியிலும் நிற்க, நடுவில் எத்தனை உள்தொடர்களும் புகுந்துகொள்ளலாம். 'அமைச்சர், நேற்று அதிகாரிகள் தவறு செய்தார்கள் என்று கூறினார்' என்று எழுதும் நிருபர், உள்தொடர் திறக்கும் வாசலில் குறி வைக்கிறார். அது சரியான உள்ளுணர்வு. உள்தொடரே இல்லாத 'கண்ணன், பள்ளிக்குப் போனான்' என்பதிலும் அதே குறியை வைப்பதுதான் தவறு. அங்கே அது எதையும் திறக்கவில்லை. 'என்று' என்பதற்குப் பின் காற்புள்ளி வைப்பது பெரும்பாலும் வீண், முடிவை இரண்டு முறை சொல்வதாகிவிடும். எச்சங்கள் வரிசையாக வரும்போது ஒவ்வொன்றின் பின்னும் குறி வைப்பதும் அப்படியே. 'எழுந்து குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினான்' என்பதில் செய்தவன் ஒருவனே. சந்தி அந்தச் செயல்களைச் சங்கிலியாகக் கோத்துவிட்டது. அங்கே குறி வைத்தே தீருவேன் என்பவர் குறைந்தபட்சம் சந்தியை எடுத்துவிட வேண்டும். 'குளித்துச், சாப்பிட்டு' என்று ஒட்டவும் வைத்து வெட்டவும் செய்யும் எழுத்து அச்சில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, சிறு சிறு வாக்கியமாக எழுதினால் குறியும் வேண்டாம் குழப்பமும் வராது என்று சொல்பவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இன்று எழுதக் கற்றுத்தருகிறவர்கள் பெரும்பாலும் இந்த அறிவுரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'மழை பெய்தது. அணை நிரம்பியது. மதகைத் திறந்தார்கள். வயல்கள் மூழ்கின.' நான்கும் தெளிவான வாக்கியங்கள். ஆனால் 'மழையால் அணை நிரம்பிவிட, மதகைத் திறந்ததுமே வயல்கள் மூழ்கின' என்ற வாக்கியம் சொல்வதை அந்த நான்கும் சேர்ந்தாலும் சொல்வதில்லை. மழைக்கும் அணைக்கும் இருப்பது காரணத் தொடர்பு. மதகுக்கும் வயலுக்கும் இருப்பது உடனடித் தொடர்பு. 'திறந்ததுமே' என்பதில் ஒரு குற்றச்சாட்டின் நிழல்கூட இருக்கிறது. இந்த உறவுகளைத் தாங்கும் உருபுகள் தமிழின் தனிச்செல்வம். குறுவாக்கியம் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, உறவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் படிப்பவர் தலையில் போடுகிறது. பண்டை உரையாசிரியரின் வேலையை மீண்டும் வாசகருக்கே கொடுத்துவிடுவதுபோல் ஆகிறது இது. செய்முறைக் குறிப்புக்கும் அறிவிப்புப் பலகைக்கும் குறுவாக்கியம் ஏற்றது. ஒரு காரணத்தை இன்னொரு காரணத்தோடு கோத்து வாதிடும் எழுத்துக்கு அது போதாது.

நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் முதலில் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயலானதாகத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் வளர்த்தால் மற்றது குன்றிவிடும் இயல்புடைய இணை அது. சுருக்க வேண்டும் என்றே எழுதினால் மயக்கம் வரும். விளக்க வேண்டும் என்றே எழுதினால் மிகை வரும். மயங்க வைத்தலும் மிகைபடக் கூறலும் அதே நூல் சொல்லும் பத்துக் குற்றங்களுக்குள் இருக்கின்றன. நிறுத்தக்குறி இந்த இரண்டு அழகுகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு சொல்லும் கூட்டாமல் ஓர் ஐயத்தை நீக்குவதால் இரண்டுக்கும் ஒருசேர உதவுகிறது. ஆனால் அதுவே முதல் மருந்தும் ஆகாது. முருகன் வாக்கியத்தை 'அழுதுகொண்டே ஓடிய குழந்தையை முருகன் தூக்கினான்' என்று மாற்றினால் குறியே தேவைப்படாது. உள்தொடர் வாக்கியத்தின் முதலிலேயே தொடங்கிவிடுவதால், அதன் தொடக்கத்தைத் தனியே காட்ட வேண்டிய அவசியம் மறைந்துவிடுகிறது. 'அமைச்சர் நேற்று' என்பதையும் 'அதிகாரிகள் தவறு செய்தார்கள் என்று அமைச்சர் நேற்று கூறினார்' எனத் திருப்பினால் ஐயம் இல்லை. தமிழில் சொல் வரிசைக்கு இருக்கும் இந்தச் சுதந்திரம் ஆங்கிலத்துக்கு இல்லை. எனவே ஒரு தமிழ் வாக்கியத்தில் மூன்று நான்கு குறிகள் இல்லாமல் பொருள் நிற்கவில்லை என்றால், அது பெரும்பாலும் கட்டமைப்பு சரியில்லை என்பதன் அறிகுறி. முதலில் சொற்களை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தையோ ஓசையையோ காக்க இடம் மாற்றக் கூடாது என்று தோன்றினால் மட்டும் குறியை நாட வேண்டும். நல்ல பதிப்பாசிரியர்கள் கைப்பிரதியில் செய்வது இதைத்தான். குறி போடுவதற்கு முன் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள்.

சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியையும் நிறுத்தக்குறிகளோடு சேர்த்தே எண்ண வேண்டும். இன்று அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். 'அவன்கூட வந்தான்' என்றால் யாரோ ஒருவன் அவனோடு சேர்ந்து வந்தான். 'அவன் கூட வந்தான்' என்றால் வரமாட்டான் என்று எண்ணியவனும் வந்துவிட்டான் என்று படிக்க இடமுண்டு. 'என்னைவிட' என்பது ஒப்பீடு. 'என்னை விட' என்பது விடுவித்தல். இந்த இணைகளில் எதைச் சேர்ப்பது எதைப் பிரிப்பது என்பதில் அச்சகத்துக்கு அச்சகம், இதழுக்கு இதழ் வேறுபாடு இருக்கிறது. ஒரு நூலுக்குள்ளேயே முதல் இயலில் ஒன்றாகவும் மூன்றாம் இயலில் இரண்டாகவும் கிடப்பதைக் காணலாம். எந்த வழக்கத்தை வேண்டுமானாலும் கொள்ளலாம். ஒரே வழக்கமாக இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச நேர்மை.

படைப்பெழுத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. கதையில் தொடர்புள்ளிகளும் இடைக்கோடுகளும் பொருளைப் பிரிக்க வருவதில்லை; தயக்கத்தையும் சொல்லாமல் விட்டதையும் காட்ட வருகின்றன. புதுமைப்பித்தன் கதைகளில் நினைவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது குறிகள் அந்தத் தாவலின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன; அவற்றைத் திருத்தினால் கதை குலையும். அந்த உரிமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வியப்புக்குறியை வாக்கியத்துக்கு ஒன்றாகத் தெளிக்கும் பழக்கம் இந்த உரிமையின் கீழ் வராது. ஏகாரமும் ஓகாரமும் 'அட'வும் 'ஐயோ'வும் உள்ள மொழியில் உணர்ச்சியைத் தாங்கச் சொற்கள் உண்டு. சொல்லில் இல்லாத வியப்பைக் குறியால் வரவழைக்க முயலும்போது எழுத்து தன் பலவீனத்தைத்தான் அறிவித்துக்கொள்கிறது.

இந்த விவாதத்துக்கு இன்று ஒரு புதிய அவசரம் வந்திருக்கிறது. பார்வைக்குறைபாடு உள்ள தமிழ் வாசகர்கள் பலர் இப்போது திரைவாசிப்பான் மென்பொருள்கள் வழியே நூல்களையும் செய்திகளையும் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் இஸ்பீக் என்ற பேச்சுப்பொறியிலேயே தமிழ் உண்டு. இத்தகைய பொறிகளுக்குப் பொருள் தெரியாது. நிறுத்துவதற்கும் குரலை ஏற்றி இறக்குவதற்கும் அவை பெரிதும் நம்பியிருப்பது குறிகளைத்தான். கண்ணால் படிப்பவர் குழம்பினால் வரியின் தொடக்கத்துக்கு ஒரு நொடியில் திரும்பிவிடுவார். காதால் கேட்பவர் பின்னோக்கிப் போய் மீண்டும் கேட்க வேண்டும். ஒரு குறி வைக்காமல் விட்டதால் அவருக்கு நேரும் சிரமம் எழுதியவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் காணும் பழக்கம் பள்ளியிலேயே தொடங்க, பாடநூலில் மாத்திரை அட்டவணைக்கு ஒதுக்கும் பக்கத்தை வேறு வகையில் பயன்படுத்தலாம். இருபொருள் படும் பத்து வாக்கியங்களை மாணவருக்குக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முதலில் குறி வைத்தும், பிறகு குறியே இல்லாமல் சொற்களை இடம் மாற்றியும் பொருளைத் தெளிவாக்கச் சொல்லலாம். இரண்டு வழிகளில் எது அந்த வாக்கியத்துக்கு நன்றாக அமைகிறது, ஏன் என்று ஒரு வரியில் எழுதச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவரால் செய்யக்கூடிய பயிற்சிதான் இது. ஆசிரியருக்கும் திருத்த அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.